யாரும் இல்லாத ஊரைத் தேடி

கோடை விடுமுறையில் பட்ட வெயில் தோலில் மங்குவதற்கு முன்பே ஜெர்மன்காரர்கள் குளிர்கால விடுமுறையைப் பற்றிக் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். நான் வேலை செய்யும் சலவைக்கூடத்தில் பக்கத்து இயந்திரத்தில் நிற்கும் யுர்கனும் கேட்டார். வழக்கம்போலப் பாரிஸ், சூரிச், ஆம்ஸ்டர்டாம் என்றேன். எங்கள் சம்பளத்தில் அது எப்படி முடியும் என்று அவருக்கு வியப்பு. எந்த ஹோட்டல் என்று விசாரித்தார். மனைவியின் அண்ணன் வீடு என்றேன். எத்தனை மாதத்துக்கு முன்னர் பதிவு செய்யவேண்டும் என்றார். கதவைத் தட்டினால் போதும் என்றதை அவர் கடைசிவரை நம்பவில்லை.

ஊரில் இருப்பவர்களும் யுர்கனைப் போலத்தான். கைப்பேசியில் வரும் படங்களைப் பார்த்துவிட்டு நாங்கள் ஐரோப்பா முழுவதையும் சுற்றியவர்கள் என்று நினைக்கிறார்கள். விடுமுறையென்று பாரிசுக்கு நான் ஒரு கலியாணத்துக்கும் ஒரு பிள்ளை தேவாலயத்தில் எடுத்த முதல் நன்மைக்கும் ஒரு செத்தவீட்டுக்கும் போயிருக்கிறேன். ஈபிள் கோபுரத்தை மச்சான் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த காந்தத்தில் பார்த்தேன். சூரிச்சில் மலை இருந்தது உண்மைதான்; ஆனால் தமிழ்த் தொலைக்காட்சிக்குப் பூட்டிய டிஷ் அதை மறைத்துக்கொண்டிருந்தது. போன இடமெல்லாம் விறாந்தையில் மெத்தை விரித்து நான் படுப்பேன். மனைவி ஜெசிந்தாவும் மகள் ஷாலினியும் குசினியில் வெங்காயம் வெட்டுவார்கள். இதைவிட மலிவான சுற்றுலாவை எந்தப் பயண நிறுவனமும் தர முடியாது.

இந்த வருடம் ஷாலினி மறுத்துவிட்டாள். தை மாதம் அவளுக்கு ஹம்பேர்க்கில் வேலை தொடங்குகிறது. இனி எங்களோடு இருக்கமாட்டாள்.

"அப்பா, ஒருக்கா நாங்கள் மூண்டு பேர் மட்டும் போவம். தெரிஞ்ச ஆக்கள் ஒருத்தரும் இல்லாத ஊருக்கு," என்றாள்.

அப்படி ஒரு ஊரைக் கண்டுபிடிப்பதுதான் சிரமமாக இருந்தது. மகள் கணினியில் மலிவான பேருந்துகளைத் தேட, ஜெசிந்தா பக்கத்திலிருந்து வடிகட்டினாள். லைப்சிக்கில் அவளுடைய சின்னம்மாவின் பேரன் படிக்கிறான். வியன்னாவில் விக்டர் அண்ணையின் மகளைக் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். கோபன்ஹேகனைச் சொல்ல வாயெடுக்கும்போதே அவள் தலையில் கை வைத்தாள். ஒரு நகரத்தைக் கடந்து போய்விட்டு அங்கே இருக்கும் சொந்தக்காரர் வீட்டுக்குப் போகாமல் வந்தால், அடுத்த கலியாணத்தில் எங்கள் மேசைக்குச் சாப்பாடு கடைசியாகத்தான் வரும். முடிவில் செக் நாட்டு மலையடிவாரத்தில் ஒரு சிற்றூர் கிடைத்தது. சொந்தமும் இல்லை, தமிழ்க் கடையும் இல்லை. விலையும் குறைவு. யாருக்கும் சொல்வதில்லை என்று மூவரும் பேசிக்கொண்டோம்.

ஜெசிந்தா வாக்கு மாறவில்லை. கடவுளுக்கு மட்டும் சொன்னாள். கொலோன் தேவாலயத்தில் நடக்கும் தமிழ்ப் பூசைக்கு முன்னர், பூசை வைக்கும் சுவாமியிடம் ஒரு மன்றாட்டு எழுதிக் கொடுத்திருக்கிறாள். சுவாமி அதை ஒலிவாங்கியில், செக் நாட்டுக்குப் பனி பார்க்கப் பயணமாகும் எங்கள் குடும்பத்தின் பாதுகாப்புக்காக என்று, எங்கள் மூவரின் பெயரையும் சேர்த்துத் தெளிவாக வாசித்தார். கோவில் முழுவதும் எங்களுக்காக மன்றாடியது. நாங்கள் கார் நிறுத்தியிருந்த இடத்துக்கு வருவதற்குள் பாரிஸ் மச்சான் அழைத்துவிட்டார்.

"என்ன மச்சான், ஆண்டவருக்குச் சொல்லியிருக்கிறியள், எனக்குச் சொல்லேல்லை. சரி பறவாயில்லை, நாங்களும் வாறம். ஹோட்டலை விடுங்கோ, ஒரு வீடெடுத்தால் எல்லாரும் விரிச்சுப் படுக்கலாம். சோத்துப் பானை நான் கொண்டு வாறன்."

ஐரோப்பாவுக்கு வந்த முதல் குளிர்காலம் முழுவதும் நான் அவர் வீட்டு விறாந்தையில்தான் படுத்தேன். அவர் சொன்ன எதற்கும் இதுவரை மறுப்புச் சொன்னதில்லை. அடுத்தவரிடம் உப்புக் கேட்கவே கூச்சப்படுகிறவன் நான். ஷாலினி பின் ஆசனத்தில் ஏறிக் கதவை மெதுவாகச் சாத்தினாள். அவள் அடித்துச் சாத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஏலாது மச்சான்," என்றேன். "இந்த முறை பிள்ளையோட நாங்கள் மட்டும்."



"ஓம், சரி," என்றார். "அப்ப திரும்பி வரேக்க பாரிசாலை வாங்கோ."

செக் நாட்டிலிருந்து கொலோனுக்குப் பாரிஸ் வழியாக வருவதென்றால் எங்கள் வீட்டைத் தாண்டிப் போய்த் திரும்ப வேண்டும். அதை அவருக்கு யார் சொல்வது?

அந்தச் சிற்றூரில் மலை உண்மையாகவே இருந்தது. அதை மறைக்க டிஷ் இல்லை. ஹோட்டல் அறையில் குசினியும் இல்லாததால் ஜெசிந்தா கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் இருந்தாள். முதல் நாள் காலை ஷாலினி எழும்பிக் கால் வைக்கப்போன இடத்தில் நான் போர்வை விரித்துப் படுத்திருந்தேன். எப்போது இறங்கினேன் என்று எனக்கே தெரியாது. பயணம் போனால் நிலம்தான் என்று முதுகு பழகிவிட்டது.

"அப்பா, அது காசு குடுத்த கட்டில்," என்றாள்.

ஓம் என்றேன், எழும்பவில்லை. அவள் சிரித்தபடி தலையணையை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் படுத்தாள். நிலத்திலிருந்து பார்த்தால் மலை தெரியாது. ஜெசிந்தா குளிக்கப் போயிருந்ததால், எங்கள் பெயரில் பதிவு செய்த இரண்டு கட்டில்கள் இரு பக்கமும் வெறுமையாக நின்றன. தலைமாட்டில் கைப்பேசி அதிர்ந்துகொண்டிருந்தது. பாரிஸ்தான்.