காலி டப்பா

ஜெகதாப்பட்டினத்தில் மீனுக்கு ஐஸ் உடைத்து விரல் மரத்துப்போனதால் வேலையை விட்டுவிட்டு மீமிசலுக்கு நடந்துகொண்டிருந்தேன். மழை அப்போதுதான் விட்டிருந்தது. சாலையோரம் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஒரு பெண் குனிந்து தரையைத் துழாவிக்கொண்டிருந்தார். கையில் மாத்திரை டப்பா.

“ஈசலா பொறுக்குறீங்க? வறுத்தா நல்லா இருக்கும்.”

“ஈசல் இல்லண்ணே, ராணி எறும்பு. வளக்குறதுக்கு. இருந்த ராணி செத்து, கண்ணாடிப் பெட்டி காலியாக் கெடக்கு. இந்த மழைய விட்டா அடுத்த வருசந்தான்.”

நானும் தேடி, இறக்கையோடு ஒன்றைப் பிடித்துக் கொடுத்தேன்.

“இது இன்னும் ஜோடி சேரலண்ணே. சேந்தாத்தான் றெக்கைய உதுக்கும்” என்று சிரித்தபடி அதைப் பறக்கவிட்டார்.

பொழுது சாயும்போது அவரே ஒன்றைக் கண்டார். இறக்கை உதிர்ந்த பெரிய எறும்பு. டப்பாவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அது மண்ணைக் கவ்விக் கவ்வி வெளியே போட்டுக்கொண்டிருந்தது. பாதி உடம்பு குழிக்குள் இருந்தது.

“எடுங்க” என்றேன்.

“குடிவந்துருச்சுண்ணே. இனி எப்புடிக் கெளப்புறது?”

யாரும் மிதித்துவிடாதபடி சுற்றிலும் கல்லை வைத்துவிட்டு, காலி டப்பாவோடு போய்விட்டார். எந்த ஊரிலும் தரிக்காத எனக்கு அவரை இன்னும் முழுதாகப் புரியவில்லை.

மறுநாள் காலை மீமிசலில் இறால் பண்ணைக்குக் குழி வெட்டும் வேலையில் சேர்ந்தேன். மண்வெட்டியை ஓங்குமுன் குனிந்து தரையைப் பார்த்தேன்.

“என்னப்பா, எதையாச்சும் தொலைச்சிட்டியா?” என்றார் மேஸ்திரி.