முதல் கோடு எது?

வங்காலையிலிருந்து மர்சலின் அக்காவின் மகள் நிறோசாவின் அழைப்பு வந்தபோது, கொப்பியில் அந்தக் கிழமைச் சாமான்களை எழுதிக்கொண்டிருந்தேன். “அம்மா நித்திரையிலேயே போயிட்டா, அன்ரி,” என்றாள். அடக்கம் எப்போது என்று கேட்டு, சீரகத்துக்குக் கீழே அதையும் எழுதினேன். எழுதிவைத்தால்தான் எனக்கு ஒன்று நடந்ததாகும். அக்கா சொன்னவையும் இப்படித்தான் என் கொப்பிகளின் ஓரங்களில் கிடக்கின்றன.

அவரது பூத்தையலை எங்கள் பங்கு ஆலயத்தில் பார்க்காதவர்கள் இதை வாசிக்கும் உங்களில் இருக்கமாட்டார்கள். அவற்றில் சிலவற்றுக்குப் படம் கீறியவள் நான் என்பது பலருக்குத் தெரியாது. தெரியாமலிருப்பதையே நானும் விரும்பினேன். எவரிடமும் படித்தவளல்ல; பழைய கலண்டர் தாளின் பின்பக்கத்தில் கீறிப் பழகியவள்.

தைக்கத் தொடங்கும் முன் அக்கா ஒரு கேள்வி கேட்பார். “எந்தக் கோட்டை முதல் கீறினனீங்கள்?” பிறகு அடுத்தது, அதற்கடுத்தது. நான் சொல்லச் சொல்லப் பென்சிலால் இலக்கம் போடுவார். கை போன ஒழுங்கில்தான் ஊசியும் போகவேண்டும் என்பது அவரது முறை. வேறு எவரும் அப்படித் தைத்து நான் பார்த்ததில்லை. “ஏன் அக்கா?” என்று கேட்டதற்கு, “எனக்கும் தெரியாது. மாறித் தைச்சா நூல் இழுக்குது,” என்றார்.

குருத்தோலைப் பவனிக்கு முன்னால் பிடிக்கும் துணிக்கு நாங்கள் முதன்முதலில் கழுதை செய்தோம். மன்னார்த் தெருவில் கழுதைக்குக் குறைவில்லை, பார்த்துத்தான் கீறினேன். ஆனாலும் என் கழுதைக்குக் கால் கட்டை, வயிறு பெரிது. பவனியில் எனக்குப் பின்னால் வந்த ஒரு பெண், “உது கழுதையோ, ஆடோ?” என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டார். கீதத்தின் மிச்ச வரிகள் என் வாயில் வரவில்லை.

அடுத்த வருடம் ஒரு அச்சுப் படத்தின் மேல் மெல்லிய தாளை வைத்து, அதிலிருந்த கழுதையை அப்படியே எடுத்துக் கொடுத்தேன். நீண்ட கால்கள், நிமிர்ந்த கழுத்து. அக்கா பென்சிலை எடுத்தார்.

“முதல் கோடு?”

“காது.”

“பிறகு?”

“முதுகு... இல்லை, முன்னங்கால்.”

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். “திரேசா, நீங்கள் வயித்திலயிருந்தல்லோ தொடங்கிறனீங்கள். இது ஆருடைய கழுதை?”

சொல்லிவிட்டேன். ஆடோ என்று கேட்டதையும் சொன்னேன். “ஆண்டவரை ஏத்திக்கொண்டு போற மிருகம், அக்கா. பாத்துச் சிரிக்கிற மாதிரி இருக்கலாமோ?”

“அந்தக் கழுதை வடிவெண்டு எந்தப் பிரசங்கத்தில கேட்டனீங்கள்?”

கேட்ட பிரசங்கங்களையெல்லாம் யோசித்தேன். ஒன்றிலும் இல்லை.

அவருக்கு என்னைத் தேற்றுவதில் அக்கறை இருக்கவில்லை. வயிறு ஏன் முதலில் வருகிறது என்பதை அறியவே ஆசைப்பட்டார். அன்று மழை. எங்கள் வளவுக் கொட்டிலில் மூன்று கழுதைகள் ஒதுங்கிப் படுத்திருந்தன. குடை பிடித்துக்கொண்டு போய்ப் பார்த்தோம். கால்கள் மடிந்து உள்ளே கிடந்தன. வாசலில் நின்றால் வயிறுதான் தெரிந்தது. “இவ்வளவு நாளும் படுத்த கழுதையைப் பாத்து, நிண்ட கழுதை கீறியிருக்கிறீங்கள்,” என்று அவர் சிரித்த சிரிப்பில் ஒன்று எழுந்து போய்விட்டது. “வயித்தை முடிச்ச பிறகு காலுக்கு எங்க இடம்?”

“அப்ப பிழைதானே, அக்கா?”

“பிழையோ வடிவோ எனக்குத் தெரியாது. உங்கட எண்டு தெரியும். எனக்குத் தைக்க அது போதும்.”

வயிற்றிலிருந்து தொடங்கி மறுபடி கீறிக் கொடுத்தேன். பயம் போய்விட்டது என்று எழுதினால் பொய்யாகும். பவனியன்று ஓலையால் முகத்தை மறைத்துக்கொண்டு நடந்தேன். அதே பெண் பின்னால் வந்தார். “போன முறை வந்த கழுதையெல்லோ இது,” என்றார், தெரிந்த ஒருவரைக் கண்டதுபோல. அதை அக்காவிடம் சொன்னபோது, “பாத்தீங்களோ, முகம் பிடிபட்டிட்டுது,” என்றார்.

அடக்கம் முடிந்து செபமாலையும் சொன்னபின், நிறோசா தையற்சட்டத்தைக் கொண்டுவந்தாள். அடுத்த பவனிக்கான துணி. வயிறு நிறைந்திருந்தது, முதுகும் காதும் முடிந்திருந்தன. கால்களுக்குப் பென்சில் இலக்கங்கள் மட்டுமே.

“மிச்சத்தை நான் தைக்கிறன், அன்ரி. காலைக் கொஞ்சம் நீட்டி விடட்டோ? துணியில இடம் கிடக்கு.”

இடம் கிடந்தது உண்மைதான். கால்களுக்குப் போட்டிருந்த இலக்கங்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டேன்.

“வேண்டாம் பிள்ளை. அம்மா போட்ட இலக்கத்திலேயே தையுங்கோ.”

அக்காவின் ஊசிப்பெட்டியை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அது நிறோசாவுக்கு உரியது. எனக்கு அவரது கேள்வி போதும். இப்போது ஒரு படம் கீறி முடித்ததும், நல்லதோ கெட்டதோ என்று பார்க்குமுன், பென்சிலை எடுத்து ஒன்று, இரண்டு என்று இலக்கம் போட்டுப் பார்க்கிறேன். கேட்பதற்கு அவர் இல்லாவிட்டாலும், பதில் என் கையில் இருக்கவேண்டும்.