டாக்டரிடம் நான் மறைத்த மூங்கில்

என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும். பிழைகளும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனவன் நான். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

என் தங்கை கணவன் மாரியப்பனுக்கு ஒரு கால் போனது என்னால்தான். நான் அதை வெட்டவில்லை. ஒரு டாக்டர் கேட்ட கேள்விக்குப் பொய் சொன்னேன், அவ்வளவுதான்... அவ்வளவுதானா?

இதை யாரிடமும் சொன்னதில்லை. நீங்கள் என் முகத்தைப் பார்க்கப்போவதில்லை. அந்த ஒரே தைரியத்தில் உங்களிடம் சொல்கிறேன்.

தாராவியில் தோல் பை தைக்கிற பட்டறை ஒன்றில் எனக்கு இருபது வருஷத்துக்கு மேல் வேலை. திருநெல்வேலிப் பக்கமிருந்து மாரியப்பன் வந்ததும் அங்கேயே சேர்த்துவிட்டேன். நான் வாய் திறவாதவன். அவன் வாய் மூடாதவன். "எங்க மச்சான் பேசப்போறாரு, மழை வந்துரும்! காயப்போட்ட துணியெல்லாம் எடுங்கலே!" என்பான். பட்டறையே சிரிக்கும். நானும் தலையைக் குனிந்து சிரித்துக்கொள்வேன்.

பட்டறைக்குள் ஒரு பரண் உண்டு. தோல் கட்டுகள் அங்கேதான் இருக்கும். மேலேயிருந்து எதைப் போட்டாலும் முதலில் "கீழே பாத்து!" என்று கத்த வேண்டும். அது பட்டறையில் எல்லாருக்கும் பொதுவான சட்டம். எனக்குக் கத்த வராது. எல்லாரும் நிமிர்ந்து என்னைப் பார்ப்பார்களே என்று கூச்சம். ஐம்பதை நெருங்குகிற ஆணுக்கு இப்படி ஒரு கூச்சமா என்று கேட்பீர்கள். இருந்தது. இன்றும் இருக்கிறது.

கட்டுகளை இழுக்கிற மூங்கில் கம்பு அன்று நுனி பிளந்துபோயிருந்தது. வேறு கம்பு எடுத்துக்கொள்ளலாம் என்று அதைக் கீழே போட்டேன். கத்தாமல் போட்டேன்.

மாரியப்பன் கீழே ஒரு காலை நீட்டி உட்கார்ந்து தோல் வெட்டிக்கொண்டிருந்தான். பிளந்த நுனி அவன் முழங்காலுக்குக் கீழே குத்தி இறங்கியது.

நான் ஓடி இறங்கி வந்தேன். "சாத்தி வச்சிருந்தேன்... தானா சரிஞ்சிட்டு" என்றேன். எல்லாரும் நம்பினார்கள். ஊமை மாதிரி இருப்பவன் பொய் சொல்வான் என்று யார் நினைப்பார்கள்? தெருமுனை டாக்டர் புண்ணைக் கழுவி இரண்டு தையல் போட்டு அனுப்பினார்.

எல்லாரும் போன பிறகு கம்பைக் கையில் எடுத்துப் பார்த்தேன். பிளந்த நுனியில் ஒரு பக்கம் இல்லை. ஒரு விரல் நீளத்துக்குச் சிம்பு ஒன்று காணாமல்போயிருந்தது. தரையைக் கூட்டினேன். தோல் துண்டுகளைக் கிளறினேன். எங்குமே இல்லை.

அது எங்கே இருக்கிறது என்று எனக்கு அந்த நிமிஷமே தெரியும். கம்பை இரண்டாக ஒடித்துச் சாக்கடையில் போட்டேன்.

புண் மூடியது. நாலு மாதம் கழித்து அதே இடம் வீங்கியது. காய்ச்சல் வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். மாரியப்பனுக்கு அப்போது இந்தி ஒரு வார்த்தை தெரியாது. அவனுக்காகப் பேச நான்தான் கூடப் போனேன்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். இளவயது டாக்டர் அந்தப் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினார். கறுப்புக்குள் வெள்ளையாக ஓர் எலும்பு... அதில் ஓரிடம் அரித்தது போல மங்கி இருந்தது. கண்ணால் துழாவித் துழாவிப் பார்த்தேன். மூங்கில் இல்லை! எக்ஸ்ரே படத்தில் மரம் தெரியாது என்பது எனக்கு அப்போது தெரியாது. படம் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. நான் சொன்ன பொய்யைவிட அந்தச் சந்தோஷம்தான் என்னை இன்றுவரை அருவருக்க வைக்கிறது.

"சோட் லகா தா க்யா? குச் அந்தர் கயா?" என்று கேட்டார் டாக்டர். அடிபட்டதா, உள்ளே ஏதாவது போனதா என்று.

"என்ன மச்சான் கேக்காரு?" என்றான் மாரியப்பன்.

"அடி பட்டுச்சான்னு கேக்காரு."

"மூங்கில் குத்துனதைச் சொல்லும். ரத்தம் கொட்டுனது, தையல் போட்டது, எல்லாத்தையும் சொல்லும்."

நான் டாக்டரிடம் திரும்பினேன். "நஹீ சாப். அப்னே ஆப் சூஜ் கயா" என்றேன். இல்லை ஐயா, தானாக வீங்கியது.

அவர் தழும்பைத் தொட்டுக் காட்டி மறுபடியும் கேட்டார். பழைய கட்டி உடைந்த வடு என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? மூங்கில் என்றால் கிழித்துத் தேடுவார்கள். சிம்பை எடுத்துக் கையில் கொடுப்பார்கள். சாத்திவைத்த கம்பு இவ்வளவு ஆழம் எப்படி இறங்கும் என்று கேள்வி வரும். என் தங்கை செல்வி என்னைப் பார்ப்பாள்... இந்தச் சின்னப் பயத்துக்காகத்தான்! ஒரு கால் போகும் என்று நான் நினைக்கவில்லை. நினைத்திருந்தால் மட்டும் சொல்லியிருப்பேனா? தெரியவில்லை.

டாக்டர் ஆங்கிலத்தில் ஏதோ எழுதினார். எலும்பில் டிபியாக இருக்கலாம் என்றார். ஒன்றரை வருஷம் மாத்திரை. மாரியப்பனுக்குச் சிறுநீர் சிவப்பாகப் போனது. தின்றதெல்லாம் வாந்தி. இல்லாத நோய்க்கு அவன் மருந்து தின்றுகொண்டிருந்தான். நான்தான் வேளாவேளைக்கு எடுத்துக் கொடுத்தேன்.

புண் உடைந்து ஒழுகும், மூடும், மறுபடியும் உடையும். "என் காலுக்கு ஒரு வாய் முளைச்சிருக்கு. உம்மைவிட அது அதிகமாப் பேசுது மச்சான்!" என்று சிரிப்பான். நான் அந்தத் துளையைப் பார்க்கமாட்டேன். பார்த்தால் அது என் பெயரைச் சொல்லிவிடும் போல இருக்கும்.

சில நாள் சீழோடு எலும்புத் துணுக்குகள் வரும், நொய்யரிசி மாதிரி. செல்வி அவற்றைக் கழுவி ஒரு மாத்திரை டப்பியில் போட்டுவைத்தாள். "உடம்புல இருந்து வந்ததை எப்படிண்ணே குப்பையில போட?" என்றாள். அலமாரியைத் திறந்தால் அந்த டப்பி உருளும். உள்ளே அவன் கடகடப்பான்.

ஒரு மத்தியானம் மாரியப்பன் குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "சிரிக்காதீரு மச்சான். உள்ள என்னமோ இருக்கு. நான் பொரண்டா அதும் பொரளுது."

"ஒண்ணுமில்ல. மனப்பிராந்தி" என்றேன்.

இப்படியே ஒன்பது வருஷம்! எத்தனையோ எக்ஸ்ரே எடுத்தோம். எல்லா டாக்டர்களும் பழைய சீட்டைப் புரட்டினார்கள், அதில் இருந்ததை நம்பினார்கள். மூங்கில் விஷயம் அதில் எழுதியிருக்கும் என்று மாரியப்பனும் இருந்துவிட்டான். கடைசியில் செம்பூரில் ஒரு டாக்டரம்மாதான் எம்ஆர்ஐ எடுக்கச் சொன்னார்.

அவனைக் குழாய்க்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். டக்... டக்... டக்... சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ விடாமல் தட்டுவது போலச் சத்தம். நிற்கும். மூச்சு விடுவேன். மறுபடியும் தட்டும். எழுந்து ஓடிவிடலாமா என்று இருந்தது. ஓடவில்லை. ஓடக்கூட ஒரு துணிச்சல் வேண்டுமே!

டாக்டரம்மா கம்ப்யூட்டரில் படத்தைக் காட்டினார். எலும்புக்குள்ளே வெள்ளை மூட்டம். அது சீழ் என்றார். அந்த மூட்டத்தின் நடுவில் கறுப்பாக ஒரு கோடு. விரல் நீளம். ஒரு முனை சாய்வாக... கம்பின் நுனியில் நான் பார்த்த குறையும் அதே சாய்வுதான். ஒன்பது வருஷம் இருட்டில் படுத்துக்கிடந்துவிட்டு அது என்னைப் பார்த்தது.

"இது எலும்பு இல்லை. வெளியே இருந்து போனது, மரமா இருக்கும். சாதா எக்ஸ்ரேயில் தெரியாது. ஏதாவது குத்திச்சா?" என்று இந்தியில் கேட்டார்.

இந்த முறை என் உதவி தேவைப்படவில்லை. மாரியப்பன் பம்பாய் இந்தி நன்றாகப் பழகியிருந்தான். "மூங்கில் மேடம். முதல் நாளே சொன்னோமே" என்றான்.

அவர் பழைய சீட்டை எடுத்தார். "இதுல அடிபடவே இல்லைன்னு எழுதியிருக்கே" என்றார்.

மாரியப்பன் மெல்ல என் பக்கம் திரும்பினான். தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நொடி எனக்கு நிம்மதியாக இருந்தது.

"பாத்தீரா மச்சான்! நீரு எடுத்துச் சொல்லியும் அந்த ஆளு காதுல வாங்காம எழுதியிருக்கான்!"

"ஆமா" என்றேன்.

அந்த "ஆமா" பயத்தில் வந்ததா, பழக்கத்தில் வந்ததா? எத்தனையோ முறை யோசித்துவிட்டேன்.

சிம்பை எடுத்தார்கள். ஆனால் எலும்பு அதற்குள் உளுத்துப்போயிருந்தது. மூன்று மாதம் போராடிவிட்டு, முழங்காலுக்குக் கீழே காலையே எடுத்துவிட்டார்கள்.

அவர்கள் வீட்டு ஜன்னலில் கண்ணாடி கிடையாது. செல்வி பழைய எக்ஸ்ரே படங்களை வரிசையாக ஒட்டிவைத்திருக்கிறாள். காலை வெயில் வந்தால் படத்திலுள்ள கறுப்பு நிழலாகவும் எலும்பு மட்டும் வெளிச்சமாகவும் தரையில் விழும். இல்லாத கால் தினமும் அந்த வீட்டுக்குள் வந்து கொஞ்ச நேரம் கிடந்துவிட்டுப் போகிறது.

ஒரு நாள் மாரியப்பன், "மச்சான், பெருவிரல்ல அரிக்கு. சொறிஞ்சு விடுமேன்" என்று சிரித்தான். போன காலின் பெருவிரல்! என் கை தானாக நீண்டது. எங்கே வைப்பது என்று தெரியாமல் அந்த வெளிச்சத்தின் மேல் வைத்துவிட்டேன். தரை சூடாக இருந்தது.

போன மாதம் மாட்டுங்காவில் மனு எழுதுகிறவர் ஒருவரிடம் என்னைக் கூட்டிப்போனான். பெரிய ஆஸ்பத்திரியில் முதலில் பார்த்த அந்த இளவயது டாக்டர் மேல் ஆஸ்பத்திரிக்கே புகார். "நீருதான அவன்கிட்ட சொன்னீரு? உம்ம கையெழுத்துதான் சாட்சி" என்றான். மூங்கில் குத்தியதை டாக்டரிடம் நான் தெளிவாகச் சொன்னதாகவும் அவர் அலட்சியமாக விட்டுவிட்டதாகவும் எழுதியிருந்தது. அவரே படித்துக்காட்டினார்.

"சரிதானே?" என்றார் மனு எழுதுபவர்.

கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்ததும் செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லேன்னா எங்களுக்கு யாருண்ணே இருக்கா?" என்று அழுதாள்.

அந்த டாக்டரை நினைத்துப் பார்க்கிறேன். உள்ளே ஏதாவது போனதா என்று சரியாகக் கேட்டவர் அவர்தான். இரண்டு முறை கேட்டார்! அவருக்கும் இப்போது வயது ஏறியிருக்கும். பிள்ளைகள் இருக்கலாம். ஏன் தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று தெரியாமல் திகைத்துக்கொண்டிருக்கலாம்.

நாளை மறுநாள் திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் விசாரணை. அவரும் வருகிறாராம். இந்தப் பக்கம் மாரியப்பன் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருப்பான். நடுவில் என்னை நிற்கவைத்து, நீ அன்று என்ன சொன்னாய் என்று கேட்பார்கள்.

இந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போவேன். எடுத்துக் கொடுப்பேனா? உங்களுக்கு வாக்குக் கொடுக்க எனக்கு யோக்கியதை இல்லை.

எழுதிய நாள்: மார்ச் எட்டாம் தேதி, சனிக்கிழமை.