ஐலியக்காவின் பேசாத நிமிடங்கள்

எங்கள் ஊர்க்காரர்களின் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவது, உறைந்த ஏரியில் துளைபோட்டு மீன் பிடிப்பதைவிடக் கஷ்டம். அவர்களிலும் குறைவாகப் பேசுகிறவள் ஐலி கங்காஸ். பள்ளிக்கூடச் சமையலறையில் உழைத்து ஓய்வுபெற்றவள், கலியாணம் செய்துகொள்ளாதவள். அவள் அளவுக்கு மீறித் தொலைபேசியில் பேசிவிட்டாள் என்று கம்பெனி எச்சரித்தபோது ஊரே சிரித்தது. பக்கத்து வீட்டுக்காரன் நான் மட்டும் சும்மா இருப்பேனா?

விஷயம் இதுதான். அவளுடைய தம்பி ரெய்னோ, நுரையீரல் கோளாறுக்காக எங்கள் மிச்சிகன் பனியை விட்டு அரிசோனா வெயிலுக்குப் போனவன். மனைவி இறந்தபின் அங்கே அவனுக்கு நாதியில்லை. சாயங்காலமானால் மூச்சு முட்டும், பயம் வந்துவிடும். ஐலி காபி போட்டுக்கொண்டு அவனைக் கூப்பிடுவாள். இருக்கியா என்பாள், இருக்கேன் என்பான். அவ்வளவுதான் பேச்சு. இரண்டு பேரும் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். இவள் கம்பளி பின்னுவாள், அவன் காபி உறிஞ்சுவான். படுக்கப்போகும்வரை இணைப்பு அப்படியே கிடக்கும்.

அவள் வீட்டு இணையத் தொலைபேசிக்கு, அளவில்லாமல் பேசலாம் என்றுதான் விளம்பரம். மாதம் மூவாயிரம் நிமிடம்தான் என்று அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்ததை யார் படித்தார்கள்? கம்பெனிப் பெண் கூப்பிட்டு, வீட்டில் ஏதும் வியாபாரம் நடக்கிறதா என்று விசாரித்தாள். தம்பியைத்தான் கூப்பிடுகிறேன் என்றாள் ஐலி.

"இவ்வளவு நேரமா? அப்படி என்னதாம்மா பேசுவீங்க?"

"பேசமாட்டோம்மா."

அந்தப் பெண் என்ன நினைத்தாளோ, விதி விதிதான் என்றுவிட்டாள். மாதம் பாதியிலேயே நிமிடங்கள் தீர்ந்தன. அவன் கூப்பிட்டாலும் கணக்கு இவளுக்குத்தான் ஏறும். எங்கள் பக்கம் கைப்பேசிக்குச் சிக்னலும் கிடையாது. ஒன்றாம் தேதிவரை ரெய்னோ தனியாகத்தான் மூச்சுவிட வேண்டும்.

அன்று சாயங்காலம் ஐலி என் வாசலில் நின்றாள். ஒரு கையில் ஏலக்காய் ரொட்டி, மறு கையில் பின்னல் பை. உதவி கேட்டுப் பழகாதவள், தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"உன் வீட்டு நிமிஷமெல்லாம் சும்மாதானே கிடக்கு."

உண்மைதான், எனக்கு யார் இருக்கிறார்கள் பேச? அன்றிலிருந்து ரெய்னோவின் மூச்சு என் சமையலறையில் கேட்டது. என் நாய் முஸ்தி முதலில் குரைத்தது, பிறகு மேசைக்கடியில் படுத்துக் குறட்டை விட்டது. ஒரே வீட்டுக்குப் பாரமாக இருக்கக் கூடாதென்று அடுத்த வாரம் தெருக்கோடி ஹில்மாவின் வீட்டுக்குப் போனாள். ஹில்மா புருஷனைத் திட்டாமல் ஒரு பாத்திரம்கூடக் கழுவமாட்டாள். எங்கே போனாலும் ஐலிக்கு ஒரே கவலை, இந்த இரைச்சல் தம்பிக்குத் தொந்தரவாக இருக்குமே என்று.

ஒன்றாம் தேதி நிமிடங்கள் திரும்பக் கிடைத்தன. விறகு கொடுக்கப் போன நான் அவளருகில் நின்றிருந்தேன். தன் மேசையில் நிம்மதியாக உட்கார்ந்து கூப்பிட்டாள். வெகுநேரம் மூச்சு மட்டும் கேட்டது. பிறகு ரெய்னோ, நான் அறிந்து முதல்முறையாக, தானே பேச்செடுத்தான்.

"அக்கா, நாய் எங்க? ஹில்மா இன்னிக்குத் திட்டலையா?"

"நம்ம வீட்லதாண்டா இருக்கேன். உனக்கு அமைதியா இருக்கட்டும்னு."

"அமைதி இங்க நெறைய கெடக்குக்கா."

ஐலியின் கண் கலங்கி அன்றுதான் பார்த்தேன். போனை வைத்துவிட்டு எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டாள்.

"உன் நாய் முழிச்சிருக்கா?" என்று கேட்டாள்.