கரைக்கு வராதவர்கள்

பல நாடுகள் சேர்ந்து நடத்திய வெள்ள எச்சரிக்கைத் திட்டத்துக்குக் கடலூரில் நான் மொழிபெயர்ப்பாளன். உறுப்பு நாடுகள் ஒவ்வொன்றாக விலகிவிட்டதால் திட்டத்தை மூடுவதாகக் கடைசிக் கடிதம் வந்தது. நான்கு பக்கக் கடிதத்தில் மூன்று பக்கம் வருத்தம்தான். எரிச்சலோடு அதைக் குமராட்சிப் பக்கம் கொண்டுபோய், கொள்ளிடக் கரையோர ஊர் ஒன்றின் மக்களுக்குத் தமிழில் வாசித்தேன். வெள்ளம் வந்தால் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு கரைக்கு வர வேண்டும் என்பது அந்த ஊர்க் கட்டுப்பாடு. அதைச் சொல்லி, "உங்ககிட்டதான் அவுங்க கத்துக்கணும்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நடவு வேலைக்குப் போகும் அம்மா ஒருவர் மட்டும் சிரிக்கவே இல்லை.

"போன வெள்ளத்துல ஊரு பூரா மைக் வச்சிக் கூப்ட்டோம் சார். கரைக்கு வந்தது நாங்க மூணு பேருதான். அவுங்களாவது லெட்டர் போட்டாங்க."