பூநாரைக்கு எத்தனை நிறம்

எண்பத்தாறாம் ஆண்டு, பொங்கல் விடுமுறை. காலை ஐந்தரை மணிக்கு விழுப்புரத்தில் திண்டிவனம் பேருந்தில் ஏறினோம்: மாமா, அக்கா, ஒன்பது வயதினளாகிய நான். தொலைவு முப்பத்தேழு கிலோமீட்டர். கட்டணம் ஆளுக்கு மூன்று ரூபாய், எனக்குப் பாதி. என் மடியில் பறவைகள் வரைந்த நோட்டு இருந்தது. அதைக் கிழிப்பதா, வைத்திருப்பதா என்பதே அன்றைய வழக்கு.

மாமா வீட்டுக் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியில் ஞாயிறுதோறும் பறவைகளைக் காட்டினார்கள். விளக்கம் இந்தியில் நடந்தது. ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆயினும் விடாமல் பார்த்தேன், பார்த்ததை வரைந்தேன். திரையின்மேல் மாமா ஒரு வண்ணத்தாள் ஒட்டியிருந்தார்: மேலே நீலம், நடுவே சிவப்பு, அடியில் பச்சை. ஆகவே என் நோட்டில் பூநாரை நீலத் தலையும் சிவந்த உடலும் பச்சைக் கால்களும் பெற்றது. ‘பறக்கும்போது நிறம் மாறும்’ என்று கீழே எழுதினேன். செய்தி வாசிப்பவருக்கும் தலைமயிர் நீலமாக இருந்தது எனக்கு உறுத்தவில்லை.

“புளுகினி” என்றாள் அக்கா. நேரில் நிறம் மாறாவிட்டால் நோட்டை நானே கிழிப்பதென்று ஒப்புக்கொண்டேன்.

ஆறே முக்காலுக்குத் திண்டிவனம். இட்டலி உண்டு, மரக்காணம் பேருந்தைப் பிடித்தோம். நடத்துநர் நோட்டை எட்டிப் பார்த்தார்.

“இன்னாம்மா, பச்சக் காலு? பாசியில நின்னுக்கினு இருந்துச்சா?”

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். மாமாவுக்குப் பொறுக்கவில்லை. “எங்க டிவி பொய் சொல்லாதுங்க.”

ஒன்பது மணிக்குக் கழுவேலி ஏரிக்கரையை அடைந்தோம். உப்பளத்துக்குப் போய்க்கொண்டிருந்த அம்மாள் ஒருவரிடம் படத்தைக் காட்டினேன்.

“நீட்டக் கால் பட்சிதானே? தோ, மேஞ்சிக்கினு இருக்குது பாரு. சத்தம் போடாதீங்க, எழும்பிடும்.”

ஆழமற்ற நீரில் நூற்றுக்கணக்கில் நின்றன. கழுத்தை வளைத்து, அலகைத் தலைகீழாக்கிச் சேற்றை அளைந்து, ஒரே ஒழுங்காக நகர்ந்தன. அத்தனையும் வெள்ளை.

“தல வெள்ள, உடம்பு வெள்ள. கிழிடி” என்றாள் அக்கா.

தாளின் ஓரத்தைப் பிடித்தேன். மாமா உரக்க இருமினார். எனக்காக இருமினாரா, இருமல்தான் வந்ததா என்பதை இன்றுவரை அவர் சொல்லவில்லை.

கூட்டம் முழுவதும் நீரின்மேல் ஓடி எழுந்தது. விரிந்த சிறகுகளில் வெண்மை மறைந்தது. செந்தீ போன்ற சிவப்பும் அதன் விளிம்பில் கரிய பட்டையும் வான்முழுதும் பரவின.

“மாறுச்சு! மாறுச்சுடி!” கூவியவள் அக்கா. பறவைகள் ஒரு வட்டமிட்டுத் தொலைவில் இறங்கி, சிறகை மடக்கி, மீண்டும் வெள்ளையாயின.

பதினொன்றே காலுக்குச் சாலையில் திண்டிவனம் பேருந்தின் ஒலி கேட்டது. மாமா பையை எடுத்தார். அக்கா நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

“அது போவட்டும்” என்றாள், ஏரியிலிருந்து கண்ணெடுக்காமல். “நீ இன்னொரு தபா இருமு மாமா.”