கெம்போஜாவை விற்றவள்

மரத்தை விற்கலாம் என்று முதலில் சொன்னவள் நான்தான். இதில் மறைக்க ஒன்றும் இல்லை. பாக்கார் ஆராங்கில் இருந்த வீட்டை விற்றுவிட்டு, கோலா கெத்திலில் மகனோடு போய் இருப்பதென்று முடிவாகியிருந்தது. என் வீட்டுக்காரருக்கு மாடிப்படி ஏற முழங்கால் ஒத்துழைக்கவில்லை. மகன் வீட்டு முன்வாசல் முழுக்கச் சிமெண்டு. ஒரு துளசி வைக்கவே தொட்டி வேண்டும். இங்கே கேட்டுக்குப் பக்கத்தில் நின்ற கெம்போஜா மரமோ கூரை உயரம்.

வெள்ளைப் பூ, நடுவில் மஞ்சள். இந்த வீட்டுக்கு வந்த வருடம் அவர் ஒரு குச்சியாகக் கொண்டுவந்து நட்டது. டவுனில் பாத்திரக்கடை நடத்திய காலமெல்லாம் அதைத் திரும்பிப் பார்த்ததுகூடக் கிடையாது. கடையை மூடினாரோ இல்லையோ, மரம் அவருக்கு உத்தியோகமாகிவிட்டது. காலையில் சாமிப் படத்துக்குப் பூப் பறிப்பார். சோப்புத் தண்ணீர் கரைத்து இலைக்கடியில் பூச்சிக்கு அடிப்பார். சாய்ந்த கிளைக்கு முட்டுக் கொடுப்பார். உதிர்ந்ததைக் கூட்டுவது மட்டும் என் வேலை.

செடி வியாபாரம் செய்யும் சீனர் ஒருவர் ஒரு நாள் லோரியை நிறுத்தி, "அன்ட்டி, இந்த மரம் விக்கிறீங்களா?" என்று மலாயில் கேட்டார். லங்காவியில் புதிதாகக் கட்டும் ஹோட்டலுக்கு நன்றாக வளர்ந்த மரங்கள் வேண்டுமாம். வேரோடு எடுத்துப் போய் நடுவாராம். எனக்கு நல்ல யோசனையாகப் பட்டது. வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"மரத்த விக்கிறதா? உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா?"

"வீட்டையே வித்தாச்சு. மரத்துக்கு என்னங்க?"

"வீடு நம்ம கட்டுனது இல்ல. மரம் நான் வச்சது."

"அப்ப ஒரு கிளைய ஒடிச்சு, அங்க தொட்டியில வைங்களேன்."

"அது வேற மரம்லா," என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

அவர் யாரிடமும் வாய் திறந்து ஒன்றைக் கேட்கிற ஆள் இல்லை. தாகம் என்றால்கூடத் தண்ணீர் கேட்க மாட்டார். சமையலறை வாசலில் வந்து நிற்பார், நாமே புரிந்துகொண்டு கொடுக்க வேண்டும். அப்படிப்பட்ட மனிதர், வீட்டை வாங்கிய மலாய்க்காரப் பெண் ஒரு சனிக்கிழமை வந்தபோது, அவளை மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். இதை வெட்டாமல் வைத்துக்கொள்வாயா அம்மா என்று கேட்டார். அவள் மருத்துவமனையில் நர்ஸ், நல்ல சிரித்த முகம். "போலே, பக்சேக்," என்றாள். முடியும் மாமா, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் வீட்டில் வேறு பேச்சே இல்லை. "ஒரு வார்த்ததான் கேட்டேன். மறுபேச்சே இல்ல. படிச்ச புள்ள, பாரு!" பக்கத்து வீட்டுக்குச் சொன்னார், மகனுக்குப் போன் போட்டுச் சொன்னார். கடையை மூடிய பிறகு அவர் சொன்னதை யாரும் அப்படிக் கேட்டதில்லை, நான் உட்படத்தான். சரி, நல்லதாகப் போயிற்று என்று சீனரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

வீடு மாறப் பத்து நாள் இருக்கும்போது, திரைச்சீலைக்கு ஜன்னல் அளவெடுக்க அந்தப் பெண் மறுபடி வந்தாள். அவர் முடிவெட்டப் போயிருந்தார். அளந்து முடித்தும் அவள் கிளம்பவில்லை.

"மக்சேக்," என்று மாமி முறை சொல்லி ஆரம்பித்தாள். "ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது. எங்க அம்மா எங்களோட இருக்கப் போறாங்க. எங்க ஊர்ல கெம்போஜா குபோர்ல நிக்கிற மரம். கல்லறை மரம் வாசல்ல இருந்தா அம்மா உள்ள கால் வைக்க மாட்டாங்க. நாங்க வந்ததும் வெட்டித்தான் ஆகணும்."

"அப்ப அவர் கேட்டப்ப ஏன்மா சரின்னு சொன்ன?"

"அவரப் பார்த்தா எங்க அப்பா மாதிரி இருந்துச்சு. அப்படிக் கேக்குறவங்ககிட்ட எப்படி இல்லன்னு சொல்றது? வெக்கமா இருந்துச்சு, மக்சேக்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் திட்ட வாய் வரவில்லை. அவர் கேட்ட விதத்தை ஜன்னல் வழியாக நானும்தான் பார்த்தேன். அவள் இடத்தில் இருந்தால் நானும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

அவரிடம் உண்மையைச் சொல்லலாம். சொன்னால், ஆயுளில் ஒரே ஒரு தடவை கேட்டதற்குக் கிடைத்தது, சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற சமாதானம் என்று தெரிந்துவிடும். பேசாமல் விட்டுவிட்டுப் போகலாம். போனால் மரம் விறகாகும். பழைய வீட்டுப் பக்கம் மகன் காரை ஒரு தடவை திருப்பினால் போதும், கண்ணாலேயே பார்த்துவிடுவார். எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி? "நீ ஒண்ணும் சொல்ல வேணாம், நான் பாத்துக்கிறேன்," என்று அவளை அனுப்பிவிட்டுச் சீனருக்குப் போன் போட்டேன்.

வீட்டுக்காரர் முடிவெட்டிக்கொண்டு வந்ததும் சொன்னேன். "மரத்தக் குடுத்துட்டேன். வியாழக்கிழம வர்றாங்க."

"அந்தப் புள்ள வச்சுக்கிறேன்னு சொல்லுச்சே?"

"நல்ல வெல கேக்குறாங்க. விட மனசு வரல."

"காசுன்னா பறக்குறவளோட இத்தன வருசம் இருந்திருக்கேன்," என்றார். அந்தச் சொல் சுட்டது. இப்போது நினைத்தாலும் சுடுகிறது.

வியாழக்கிழமை காலையில் ஆட்கள் வந்து கிளைகளைக் கழித்தார்கள். வெட்டிய இடமெல்லாம் பால் வடிந்தது. வெட்டுகிற மரத்துக்குச் சூடம் காட்டுவார்கள். பெயர்த்தெடுக்கிற மரத்துக்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு சூடத்தைக் கொளுத்தினேன். சீனர் ஆட்களை நிறுத்தச் சொல்லிவிட்டு, அது அணையும்வரை ஒதுங்கி நின்றார். பிறகு வேரைச் சாக்கில் கட்டிக் கிரேனால் தூக்கினார்கள். என் வீட்டுக்காரர் உள்ளே டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கோலா கெத்திலுக்கு வந்த பிறகு யார் பார்க்க வந்தாலும் இந்தக் கதைதான். அந்தப் பெண் தங்கமானவள், என் மனைவிதான் விற்றுவிட்டாள் என்பார். வந்தவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே தேத்தண்ணி குடிப்பார்கள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம்.

தீபாவளிக்கு அந்தப் பெண் தன் கணவனோடு வந்தாள். கையில் ஒரு கூடை பழம். அவளைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் நாற்காலியைப் பிடித்து எழுந்து நின்றார். உட்காருங்கள் என்று எல்லாரும் சொல்லியும் உட்காரவில்லை.

"என்ன மன்னிச்சுக்கம்மா," என்று மலாயில் சொன்னார். "நான் கேட்டதுக்கு நீ மனசாரச் சரின்னு சொன்ன. என்னாலதான் அத காப்பாத்த முடியாமப் போச்சு."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. உண்மை வாய்வரை வந்துவிட்டது என்று தெரிந்தது. நான் முறுக்குத் தட்டை அவள் பக்கம் தள்ளினேன்.

"பரவால்ல, பக்சேக்," என்றாள். "நான் அப்பவே மன்னிச்சுட்டேன்."

பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் அவர் முகம் தெளிந்தது.